அப்பா மோர்ல நான் ஊத்துன கொடம்புளிச் சொட்டு

பிஎஸ்சி கெமிஸ்ட்ரி படிச்ச திமிரு மக்களே! பசியை அடக்கும்னு ஆன்லைன்ல கொடம்புளிச் சாறு வாங்கி, அப்பா தொப்பை குறையட்டும்னு அவருக்குச் சொல்லாமலே மோர்ல ஊத்திட்டேன். மனுஷன் பசிக்கலன்னு சாப்பிடாம, சுகர் மாத்திரைய மட்டும் போட்டுக்கிட்டு, வயல்ல கேஸ் குழாய் பதிக்கக் கூடாதுன்னு நடந்த போராட்டத்துக்குக் கெளம்பிட்டாரு. நானும் போனேன்.

பந்தல்ல திடீர்னு சட்டை நனைய வேர்த்து, கை நடுங்கி என் மேல சாஞ்சாரு.

"என்ன மச்சான், சொல்லாம கொள்ளாம உண்ணாவிரதமா?"ன்னு பக்கத்து வயல் மாமா சிரிச்சாரு.

"ஐயோ மாமா, சுகர் எறங்கிடுச்சு! நான்தான் மருந்து கலந்தேன்!"னு கத்திட்டேன். டீக்கடைலேர்ந்து சர்க்கரைத் தண்ணி ஓடி வந்துச்சு. மெதுவா குடிச்சுத் தெளிஞ்சவரு, "அப்ப மோரு அவ்ளோ புளிச்சது..."ன்னு என்னையே பாத்தாரு.

இப்பல்லாம் டாக்டரக் கேக்காம எதையும் கலக்குறதில்ல. அவரு தட்டு காலியானப்பறம்தான் மாத்திரைய எடுத்துக் குடுக்குறேன்.