ஊசி போகாத இடம்

கடல் தாண்டி வந்து, கூலாய் ஊருக்குப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் என் கணவர் கணக்கெழுதும் கிராணியாக இருந்தார். ஒரு தீபாவளிக்குச் சிங்கப்பூர் போய் கிராமபோன் பெட்டியும் சில இசைத்தட்டுகளும் வாங்கிவந்தார். அதில் ஒரு தட்டு சுழல ஆரம்பித்ததும் காப்பித் தம்ளரைக் கீழே வைத்துவிட்டுக் காதைத் தீட்டினேன். பாடுவது நான்.

கல்யாணத்துக்கு முன்னால் சென்னைப் பட்டணத்தில் நடந்தது அது. இசைத்தட்டுக்காரர்களுக்கு ஆர்மோனியம் வாசித்த என் மாமா, பாட வேண்டிய அம்மாளுக்குத் தொண்டை கட்டிக்கொண்டதால், என்னை இழுத்துப்போய்ப் பாட்டைப் பதிவுசெய்யும் குழாய்க்கு முன்னால் நிறுத்தினார். பாடி முடித்ததும் பேரையும் ஊரையும் சொல்ல வேண்டும். அப்போதெல்லாம் அதுதான் வழக்கம். நானும் பள்ளிக்கூடத்தில் ஒப்பிப்பதுபோல் கணீரென்று சொல்லித் தொலைத்தேன். விஷயம் தெரிந்து அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். புருஷன் வீட்டில் இதைப்பற்றி மூச்சுவிடக் கூடாது என்று சத்தியம் வாங்கினாள்.

"யாருடா இவ, இந்தக் கத்து கத்துறா?" என்றார் மாமியார். "பிளேட்டுல பாடுறவளுங்க எல்லாம் நல்ல வீட்டுப் பொம்பளைங்களாவா இருப்பாளுங்க?"

எனக்கு ராகமும் ஏறவில்லை, தாளமும் ஏறவில்லை. பாட்டு முடியப் போகிறது, பேர் வரப் போகிறது, நாளைக்கே என்னைக் கப்பல் ஏற்றிவிடுவார்கள். சரணம் முடிந்தது. என் கணவர் சட்டென்று ஊசியைத் தூக்கினார்.

"ஊசி தேஞ்சு போச்சும்மா."

நல்லவேளை, தட்டின் நடுவே பேர் போட்டு ஒட்டும் காகிதமும் உரிந்து கிடந்தது. கப்பலில் வந்த ஈரத்தில் உரிந்திருக்கும் என்று நினைத்து மாரியாத்தாளுக்கு வேண்டிக்கொண்டேன்.

அதன்பிறகு ஞாயிற்றுக்கிழமை வந்தாலே அக்கம்பக்கத்தார் வந்து உட்கார்ந்து அந்தத் தட்டைத்தான் கேட்பார்கள். ஒவ்வொரு தடவையும் பேர் வருவதற்குள் அவர் ஊசியை எடுத்துவிடுவார். எதையும் முழுசாக முடிக்கப் பொறுமையில்லாத மனுஷன் என்று நினைத்தேன். அந்த அவசர புத்திதான் என்னைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது. என்றைக்காவது ஒருநாள் அவருக்குப் பொறுமை வந்துவிட்டால்?

சில வருடம் கழித்து, மாமியார் கோயிலுக்குப் போயிருந்த ஒரு மத்தியானம், தனியாக இருந்த நான் அந்தத் தட்டைக் கடைசிவரை ஓடவிட்டேன். பாட்டு தேய்ந்து ஒரே இரைச்சலாக இருந்தது. என் குரல் எனக்கே தெரியவில்லை. ஆனால் பேரும் ஊரும் மட்டும் புதுத்தட்டுபோலக் கணீரென்று வந்தன.

அந்த இடம் மட்டும் தேயவே இல்லை. அவர் தனியாகக் கேட்டபோதுகூட அந்த இடத்துக்கு ஊசியைப் போகவிட்டதில்லை. கடையில் போட்டுக் கேட்காமல் எந்தத் தட்டையும் வாங்குகிறவரும் இல்லை. அப்படியானால் காகிதத்தை உரித்தது ஈரம் இல்லை.

சாயங்காலம் ஆபீசிலிருந்து வந்தவரிடம், "அந்தத் தட்டக் கடைசி வரைக்கும் கேட்டேங்க," என்றேன்.

அவர் முகம் வெளுத்துவிட்டது. உள்ளே எட்டிப் பார்த்துக் குரலைத் தாழ்த்தி, "அம்மா வீட்ல இருந்தாங்களா?" என்றார்.

இத்தனை வருடமும் நான் ஒருத்திதான் பயந்து செத்துக்கொண்டிருந்தேன் என்றல்லவா நினைத்தேன்! ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா என்று கோபம் கோபமாக வந்தது. அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.