இன்னும் ரெண்டு சொம்பு

அம்மனைக் கையெடுத்துக் கும்பிடுகிற என் உறவுகளே, வெண்ணந்தூர்ப் பக்கம் தறி நெய்யும் குடும்பத்துக்கு வாழ்க்கைப்பட்டு வந்த ஒரு தாய் சொல்கிறேன், கேளுங்கள்.

எண்பதுகளின் தொடக்கம். மழை பொய்த்த வருஷம். ஐந்தாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்த என் ஒரே மகள் செல்விக்குத் தை மாதம் மூளைக்காய்ச்சல் வந்தது. உயிர் பிழைத்தாள். ஆனால் பேச்சு போய்விட்டது. என்னையே யாரோ என்பதுபோலப் பார்த்தாள். "இதுக்கு மேல எங்க கையில இல்லைங்கம்மா" என்று சேலத்து டாக்டர் சொல்லிவிட்டார்.

அவள் எப்படிப்பட்ட பிள்ளை தெரியுமா? தண்ணீர்க் கணக்கு என்றால் அவளுக்கு உயிர். தொட்டியில் இத்தனை லிட்டர் பிடிக்கும், குடத்தில் இத்தனை பிடிக்கும், எத்தனை குடம் ஊற்றினால் தொட்டி நிறையும் என்று பாடப் புத்தகத்தில் வருமே, அது. சிலேட்டில் போட்டது போதாதென்று என் அண்டா குண்டாவையெல்லாம் வாசலுக்கு இழுத்துப் போய், தண்ணீர் ஊற்றி அளந்து பார்ப்பாள். "ஏனுங்கம்மா, நம்ம குடத்துக்குப் பத்து சொம்பு புடிக்குதுங்க" என்பாள்.

காய்ச்சலுக்குப் பிறகு அதே சிலேட்டைக் கொடுத்தால் மடியில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தாள். அவள் அப்பா தறியில் உட்கார்ந்தபடியே அழுதார். நான் அழவில்லை. அம்மனோடு சண்டை போட்டேன். "உனக்குக் கண்ணு அவிஞ்சா போச்சு?" என்று கோயில் வாசலிலேயே கேட்டேன். கடைசியில் சண்டைக்கும் தெம்பில்லை. "ஒரே ஒரு கணக்காவது அவ வாயில வரட்டும் தாயே, அது போதும்" என்று விழுந்து கும்பிட்டேன்.

மாசியில் மாரியம்மன் நோம்பி. திருவிழா தொடங்குகிறதென்று அம்மனுக்குப் பூச்சாட்டி, கோயில் முன்னால் கம்பம் நட்டார்கள். முக்கிளையாக வெட்டிய மரம் அது. அம்மனுக்குப் புருஷன் என்று எங்கள் பக்கம் அதைக் கும்பிடுவோம். நோம்பி முடியும்வரை பெண்கள் விடியலில் குளித்துவிட்டு, மஞ்சளும் வேப்பிலையும் போட்ட தண்ணீரைக் கம்பத்துக்கு ஊற்ற வேண்டும். குடம் நிறைகுடமாக இருக்க வேண்டும். கிணறு வற்றிப் போனதால் அந்த வருஷம் ஊர்ப் பொதுத் தொட்டியிலிருந்து சொம்பால் மொண்டுதான் குடத்தை நிறைத்தோம்.

ஒருநாள் செல்வியைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு மொண்டு ஊற்றினேன். மனசு எங்கேயோ இருந்தது. நிறைந்துவிட்டது என்று நினைத்துக் குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்தேன். அவள் என் சேலையைப் பிடித்து இழுத்தாள்.

"இன்னும் ரெண்டு சொம்பு ஊத்தோணுமுங்கம்மா."

குடத்தை இறக்கி ஒரு சொம்பு ஊற்றினேன். இன்னொன்று ஊற்றினேன். தண்ணீர் விளிம்பில் வந்து நின்றது. "என் சாமீ" என்று அவளைக் கட்டிக்கொண்டு அழுதேன். அத்தனை நாள் அடக்கி வைத்த அழுகை.

அதன் பிறகு பேச்சு கொஞ்சம் கொஞ்சமாக வந்தது. படிப்பு வரவில்லை. சிலேட்டில் கணக்கும் வரவில்லை. கல்யாணம் காட்சி எதுவும் இல்லை, என்னோடுதான் இருக்கிறாள். ஆனால் நோம்பி வந்தால் தொட்டி ஓரத்தில் அவள்தான் நிற்பாள். யார் குடமானாலும் இன்னும் எத்தனை சொம்பு என்று சொல்வாள், தப்பாது.

கேட்டதை அம்மன் கொடுத்தாள். திட்டிய வாயாலேயே தினமும் நன்றி சொல்கிறேன். ஆனாலும் சில நாள் குடத்தோடு நிற்கும்போது என்னையே கேட்டுக்கொள்கிறேன். ஒரே ஒரு கணக்கு போதும் என்று நான்தானே சொன்னேன்?

அம்மனை நம்பிக் கேளுங்கள். என்னைப் போலப் பயந்துபோய்க் குறைத்துக் கேட்காதீர்கள்.