யோகன் மாமாவுக்கு மட்டும் காவி

தயவுசெய்து இதை யாரிடமும் காட்டாதீர்கள். யோகன் மாமாவைத் தெரிந்தவர் என்றால் வாசியுங்கள். வாசித்ததும் கிழித்துவிடுங்கள். என் அப்பாவின் கண்ணில் மட்டும் பட்டுவிடக் கூடாது.

செய்தி வந்தபோது நாங்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். அப்பா தொலைபேசியை வைத்துவிட்டு, "அந்தப் பிக்கு சார்செலிலை செத்துப்போனானாம். நெஞ்சடைப்பு" என்றார். பிறகு இடியப்பத்துக்குச் சொதி ஊற்றினார். அம்மா எழுந்துபோய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றார். கையில் கழுவுவதற்கு ஒன்றும் இல்லை. "இந்த வீட்டிலையிருந்து ஒருத்தரும் செத்தவீட்டுக்குப் போகக் கூடாது. விளங்குதோ?" என்றார் அப்பா.

யோகன் மாமா பிக்கு அல்ல. பாரிசில், லூயி-பிளாங் தெருவில் அப்பா சமைக்கும் உணவகத்தில் கோப்பை கழுவியவர். ஞாயிற்றுக்கிழமைகளில் அவருக்கு எங்கள் வீட்டில்தான் சாப்பாடு. முதலாளியைப் போல, பாதிரியாரைப் போல, என் அப்பாவைப் போலக்கூடப் பேசிக் காட்டுவார். உணவகத்தில் அதைக் கண்ட ஒரு வாடிக்கையாளர் மூலம் கொரியப் படம் ஒன்றில் நடிக்க இடம் கிடைத்தது. பாரிசுக்கு வந்து வழி தவறும் புத்த பிக்குகளைப் பற்றிய நகைச்சுவைப் படம். கூட்டத்தில் ஒரு வெளிநாட்டுப் பிக்குவும் வேண்டுமாம். மாமா தலையை மழித்துக்கொண்டார்.

கொரியப் பிக்குகள் எல்லோருக்கும் சாம்பல் நிற உடுப்பு. மாமாவுக்கு மட்டும் காவி. தனக்கும் சாம்பல் நிறமே தரும்படி கேட்டாராம். அவர் வேறு ஆள் என்று பார்த்தவுடன் தெரியவேண்டும் என்று உடுப்புக்குப் பொறுப்பான பெண் சொன்னாளாம்.

"நான் கறுப்பாய் இருக்கிறது காணாதாம், பிள்ளை" என்றார் எங்கள் சாப்பாட்டு மேசையில். "ஊரிலை பிக்குமார் சிங்கள ஆமிக்காரனுக்கு ஆசீர்வாத நூல் கட்டிச் சண்டைக்கு அனுப்பின காவி. அதையே எனக்குச் சுத்திவிட்டினம்."

அப்பாவுக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறியது. மாமாவின் தம்பியை இராணுவம் பிடித்துக்கொண்டு போனது அப்பாவுக்குத் தெரியும். அந்தக் காவி மாமாவுக்கு எப்படி இருந்திருக்கும் என்றும் தெரியும்.

பிறகு மாமாவின் புகைப்படம், மொட்டைத் தலையும் காவியுமாக, வாட்ஸ்அப்பில் சுற்றியது. பக்கத்தில் கொரியர்கள் இல்லை. படத்தின் பெயரும் இல்லை. "உன்ரை கூட்டாளி சிங்களவனோடை சேர்ந்திட்டானோ?" என்று அப்பாவை எல்லோரும் கேட்டார்கள். அப்பா உண்மையைச் சொல்லவில்லை. 'எங்கடை குசினிக்குள்ளையே பிக்கு' என்று எழுதி அவரும் அதை அனுப்பினார். அவருடைய தொலைபேசியில் நானே பார்த்தேன்.

முதலாளி மாமாவிடம், "சனம் கதைக்குது, கொஞ்ச நாள் வேலைக்கு வராமல் நில்லும்" என்றார். அதற்குப் பிறகு ஒருநாள் தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பலில் மாமாவைக் கண்டேன். கடை வாசலில் நின்ற யாரோ ஒருவர், "சாமி, பிரசங்கம் எப்ப?" என்று கத்தினார்.

"தட்சணை வைச்சா இப்பவே" என்றார் மாமா. யாரும் சிரிக்கவில்லை. அவர் தொப்பியை இழுத்துவிட்டு என்னிடம், "மயிர் வளர்ந்தா மறந்திடுவினம், பிள்ளை" என்றார்.

மயிர் வளர்ந்தது.

அந்தப் படத்தை நான் என் வகுப்புத் தோழியோடு போய்ப் பார்த்தேன். அம்மாவுக்கு மட்டும் தெரியும். நடுத்தெருவில் பிக்குகள் வரைபடத்தை விரித்துக் கொரிய மொழியில் சண்டை பிடிக்கிறார்கள். மாமாவுக்குச் சொல்லப்பட்டது முணுமுணுப்பது மட்டும்தான். அவர் தமிழில் பேசினார்: "ஐயா, எனக்கு வழி தெரியும். ஆரும் கேளுங்கோவன்!" கீழே பிரெஞ்சில், 'வேற்று மொழியில் பேசுகிறார்' என்று மட்டும் எழுத்து ஓடியது. அந்தத் திரையரங்கில் நான் ஒருத்திதான் சிரித்தேன். என்ன சொன்னார் என்று தோழி கேட்டாள். சொன்னேன். பிறகு அவளும் சிரித்தாள்.

எங்கள் ஆட்களில் யார் இறந்தாலும் லா சப்பல் கடைக் கண்ணாடிகளில் படத்தோடு அறிவித்தல் ஒட்டுவார்கள். பள்ளிக்கூடம் விட்டு வரும்போது கடை கடையாகப் பார்த்தேன். மாமாவுக்கு ஒன்றும் இல்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன். வியாழன் காலை தகனம். இடத்தைப் பின்பக்கத்தில் எழுதியிருக்கிறேன். அவரோடு ஒரே அறையில் இருந்த ஒருவர் மட்டும்தான் வருவார் என்று அம்மா சொன்னார். பள்ளிக்கூடம் போவதாகச் சொல்லிவிட்டு நான் போவேன். நீங்களும் வாருங்கள்.

அவருடைய பொருள் ஒன்றும் என்னிடம் இல்லை. அந்த ஒரு வசனத்தை வைத்திருக்கிறேன். கொரியர்களுக்கு அது விளங்கவில்லை, அது படம். இங்கே எங்கள் எல்லோருக்கும் தமிழ் தெரியும்.

கதவு தட்டுப்படுகிறது. அப்பா.

"பிள்ளை, திற. நீ அந்தப் படம் பாத்தனியாமே. அவன் அதிலை என்ன சொன்னவன்?"