டப்ளினுக்குப் போன வானதி

நீடாமங்கலம் ரயில்வே கேட்டைப் பற்றி டெல்டாவில் தெரியாதவர்கள் கிடையாது. கேட் போட்டால் போட்டதுதான். பஸ்ஸில் இருப்பவர் இறங்கி, டீ குடித்து, எதிரே அகப்பட்ட சொந்தக்காரரிடம் நல்லது கெட்டதெல்லாம் விசாரித்துவிட்டு நிதானமாக ஏறிக்கொள்ளலாம். அதனால்தான் நாகநாதன் தன் மகளுக்கான ஃப்ளெக்ஸைக் கடைத்தெருவில் வைக்காமல் கேட்டடியில் வைத்தார். நிற்கிறவன் படித்துத்தானே ஆகவேண்டும்!

படித்தார்கள். வினையே அதில்தான் வந்தது.

வானதி அவருக்கு ஒரே மகள். சி.ஏ. பரீட்சையில் விழுந்து விழுந்து எழுந்தவள். ஒவ்வொரு தடவை விழும்போதும், காலாகாலத்தில் கல்யாணத்தை முடிக்காமல் இதென்ன வீண் வேலை என்று உறவுக்காரர்கள் வாய்க்கு வந்ததைப் பேசினார்கள். நாகநாதன் மட்டும் அசையவில்லை. "நாத்து அழுகிப்போனா மறுபடி விதை விடலையா நாம? எழுதட்டும்" என்றார். அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் அவள் தேறினாள். சென்னையில் பெரிய தணிக்கை நிறுவனம் ஒன்றில் சேர்ந்து, மாடாய் உழைத்து, டப்ளின் அலுவலகத்துக்குப் போக இடமும் வாங்கிவிட்டாள். அங்கே காலூன்றினால் பிறகு லண்டன், நியூயார்க் என்று எங்கேயும் போகலாம். அவள் ஆசைப்பட்டதெல்லாம் அது ஒன்றுதான்.

அயர்லாந்தில் ஒரு பிஸ்கட் கம்பெனியை இன்னொரு கம்பெனி விலைக்கு வாங்க யோசித்துக்கொண்டிருந்தது. வாங்குமுன் அதன் கணக்குகள் யோக்கியமானவைதானா என்று பார்த்துச் சொல்வதுதான் அங்கே அவளுக்கு வேலை. விஷயம் வெளியே கசிந்தால் பங்குச் சந்தை ஆடிவிடும் என்பதால் யாரிடமும் மூச்சுவிடுவதில்லை என்று வானதி கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்தாள். ஊருக்கு வந்த அன்று சாப்பிடும்போது நாகநாதன், "எந்தக் கம்பெனின்னு பெத்தவன்கிட்டகூடச் சொல்லக் கூடாதாம்மா?" என்று கேட்டார். அந்த முகத்துக்கு இல்லையென்று சொல்ல அவளால் முடியவில்லை. சொல்லிவிட்டாள். கம்பெனியின் பெயர் இங்கே வேண்டாம். ஒரு தடவை சொன்னது போதும்.

வழியனுப்பத் தெருவே வேனில் ஏறியது. திருச்சி விமான நிலையத்துக்குப் போகிற வழியில் கேட் போட்டிருந்தது. வேன் சரியாக ஃப்ளெக்ஸுக்கு எதிரே நின்றது. கோட்டுப் போட்ட வானதி, பின்னால் ஒரு விமானம், கீழே பெரியப்பா சித்தப்பா மாமா மச்சான் தலைகளெல்லாம் வட்டம் வட்டமாக. நடுவில் கொட்டை எழுத்தில் பிஸ்கட் கம்பெனியின் பெயர். 'கணக்கை ஆராய அயர்லாந்து செல்லும் எங்கள் குலவிளக்கே!'

வானதி அந்தப் பெயரைப் படித்துவிட்டு அப்பா பக்கம் திரும்பினாள். "அப்பா, இத இறக்கச் சொல்லுங்க" என்றாள். வேனுக்குள் கைதட்டலில் அது எடுபடவில்லை. நாகநாதன் கண்கலங்கி உட்கார்ந்திருந்தார். இன்னொரு தடவை சத்தமாகச் சொல்லியிருக்கலாம். அவள் சொல்லவில்லை. பின்னால் கேட்டில் மாட்டிக்கொண்டு நின்ற காரிலிருந்து யாரோ ஒருவர் பொழுதுபோகாமல் ஃப்ளெக்ஸைப் படம் எடுத்தார்.

அந்தப் படம் அவளைவிட வேகமாகப் பறந்தது. திருச்சியிலிருந்து சென்னையில் போய் இறங்கியதுமே போன் வந்துவிட்டது. பயணம் இல்லை, விசாரணை முடியும்வரை வீட்டிலிருந்தபடி உள்ளூர்க் கணக்குகளைப் பார்க்க வேண்டும். விசாரணையில், "உன் அப்பாவுக்கு யார் சொன்னது?" என்று கேட்டார்கள். ஊரையெல்லாம் கணக்கில் உண்மை எழுது என்று கேட்கிற வேலை அவளுடையது. பொய் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. நான்தான் என்றாள். வேலை போகவில்லை. வெளிநாடுதான் போனது.

சென்னை விடுதி அறையை ஏற்கெனவே காலி செய்தாயிற்று. உச்சி வெயிலில், தெரு உறங்குகிற நேரமாகப் பார்த்து, துப்பட்டாவால் முக்காடு போட்டுக்கொண்டு வீட்டுக்குள் நுழைந்தாள். நாகநாதன் அவசரமாகக் கதவைச் சாத்தினார்.

"ஊரே கூடி வழியனுப்பியிருக்கு. நீ திரும்பி வந்து நின்னா என் மூஞ்சிய எங்கம்மா கொண்டு வைக்கிறது? கொஞ்ச நாள் உள்ளயே இரு. அவங்களே மறுபடி கூப்பிடுவாங்க."

"சென்னைக்காவது போயிடறேம்பா."

"அங்க நம்ம தெருப் பசங்க பாதிப்பேரு இருக்காங்க. ஒருத்தன் பாத்தாப் போச்சு."

அப்படித்தான் வானதி கொல்லைப்பக்கத்து அறைக்குக் குடிபோனாள். ஒரு பக்கம் குறுவை நெல் மூட்டைகள், மறுபக்கம் மேஜையும் லேப்டாப்பும். யார் வந்து போனாலும் மின்விசிறியை நிறுத்திவிட்டு மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார வேண்டும். நெல் சுணை பட்டுக் கழுத்தெல்லாம் அரித்தது. இருமல் வந்தால் தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். ஜன்னல் வழியே சம்பா நடவு நடந்தது, பயிர் பச்சை கட்டியது. அவளுக்கு நாள் நகரவில்லை. அப்பாமேல் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. ராத்திரிச் சோற்றை அவரே தட்டில் போட்டுக்கொண்டு வந்து, எதிரே தலைகுனிந்து உட்காரும்போது அந்த ஆத்திரமும் கரைந்துபோனது.

எதிர்வீட்டுக் காளியம்மாள் ஒருநாள் காலையில் வந்தாள். நாகநாதன் வயலுக்குப் போயிருந்தார்.

"அண்ணி, வானதியப் பாக்கணும்போல இருக்கு. போன்ல கூப்பிடுங்களேன்" என்றாள்.

அம்மா அகிலாண்டம் எவ்வளவோ தட்டிக்கழித்துப் பார்த்தாள். காளியம்மாள் நகர்வதாக இல்லை. வேறு வழியில்லாமல் வீடியோ கால் போட்டாள். உள்ளே வானதி அவசரமாக, டப்ளின் குளிருக்கென்று வாங்கிய ஸ்வெட்டரைத் தலைவழியே மாட்டிக்கொண்டு, வெள்ளைச் சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள். புழுக்கத்தில் வியர்வை வழிந்தது.

"நல்லாருக்கீங்களா அத்தை?"

"இருக்கேன்டி. கழுத்தெல்லாம் ஏன் இப்படித் தடிச்சிருக்கு?"

"இங்க குளிரு ஒத்துக்கல அத்தை."

காளியம்மாள் போனை முகத்தருகே கொண்டுபோய்ப் பார்த்தாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள்.

"குளுருக்கு இப்படித் தடிக்காதுடி. இது நெல்லுச் சுணை. தேங்காயெண்ணெயத் தடவி வெந்நியில குளி. ராவெல்லாம் இருமுற, கேக்க முடியல."

போனில் ஒரு தடவையும் கதவுக்கு அப்பாலிருந்து ஒரு தடவையுமாக அது கேட்டது. வானதி ஸ்வெட்டரைக் கழற்றி வீசினாள். கதவைத் திறந்துகொண்டு கூடத்துக்கு வந்தாள்.

"தெரியுமா அத்தை?"

"நீ முக்காடு போட்டுக்கிட்டு வந்த அன்னிக்கே தெருவுக்கே தெரியும்டி."

வானதிக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. இனி ஒளிய என்ன இருக்கிறது? வாசல் வெளிச்சத்தைப் பார்த்து நடந்தாள். காளியம்மாள் எழுந்து வந்து அவள் கையைப் பிடித்தாள்.

"எங்கடி போற? உள்ள போ. வானதி எப்படி இருக்கான்னு நாங்க கேக்குறப்ப எங்கண்ணன் மூஞ்சியப் பாத்திருக்கியா நீ? ஊருக்குத் தெரியும்னு தெரிஞ்சா அந்த மனுஷன் தாங்க மாட்டாரு. நாங்க யாருமே காட்டிக்கலை. நீயும் கொஞ்ச நாள் பொறுத்துக்கம்மா."

தெருமுனையில் நாகநாதனின் மொபெட் சத்தம் கேட்டது. யாரோ அவரை நிறுத்தி, "பொண்ணு போன் பண்ணுச்சா?" என்று விசாரித்தார்கள். "நேத்துகூடப் பேசுச்சுங்க, அங்க ஒரே பனியாம்" என்று அவர் உற்சாகமாகச் சொன்னார்.

அகிலாண்டம் மகளைப் பார்த்தாள்.

இத்தனை நாளும் அந்த அறைக் கதவை நாகநாதன்தான் சாத்துவார். அன்றைக்கு வானதி தானே உள்ளே போய்ச் சாத்திக்கொண்டாள்.