கண்டக்டர் விழுந்த இடம்

ஃபிரிட்ஜின் தலையில் கையால் ஒரு தட்டு, நாற்காலியின் முதுகில் ஒரு தட்டு, அலமாரி முனையில் ஒரு தட்டு. சமையலறையிலிருந்து வாசல்வரை எதிர்வீட்டுக் கண்டக்டர் இப்படித்தான் வருவார். ஓய்வு பெற்று எத்தனையோ வருடமாகியும், வீடு ஓடிக்கொண்டிருப்பதாகவே அவர் கால்கள் நம்புகின்றன. "பிடிச்சுக்கிட்டு நடங்க" என்றால் கோபம் வரும். "ஓடுற பஸ்ஸுல டிக்கெட் கிழிச்சவன்யா நான். நிக்கிற வீட்ல விழுவேனா?" சொல்லும்போதும் கை நாற்காலி மேல்தான். அது பிடிப்பதல்லவாம், சும்மா வைத்திருப்பதாம்.

போன மாதம் மகள் வந்தாள். வயதானவர் இருக்கும் வீட்டில் நடைவழி காலியாக இருக்க வேண்டும் என்று எங்கோ படித்திருக்கிறாள். நாற்காலி மாடிக்குப் போனது, அலமாரி மூலைக்குப் போனது. கூடத்தில் பந்து விளையாடலாம். கண்டக்டர் யார் வீட்டுக்குள்ளோ நுழைந்துவிட்டவர்போல் நடுவில் நின்று விழித்தார். மறுநாள் காலை அங்கேயே விழுந்தார்.

எதனால் விழுந்தார்? செருப்பு என்றாள் மகள். "ஆமாம்மா, வழுக்குது." மாத்திரை என்றார் மருமகன். "அதான் மாப்ளே, கிறுகிறுன்னு வந்துச்சு." வெளிச்சம் பத்தாது என்றார் வீட்டுச் சொந்தக்காரர். "கண்ணே தெரியலைங்க." செருப்பு, மாத்திரை, பல்பு எல்லாம் மாறின. காரணம் மட்டும் யாருக்கும் பிடிபடவில்லை.

அவர் விழுந்ததை என் வீட்டுச் சன்னல் வழியே நான் பார்த்தேன். நாற்காலி இருந்த இடத்துக்குக் கை போனது, காற்றைத்தான் பிடித்தது. "அதைச் சொல்ல வேண்டியதுதானே?" என்று பிறகு அவரிடம் கேட்டேன். "சொன்னா, பிடிச்சுத்தான் நடக்கிறேன்னு ஆயிடும். அப்புறம் அவ வீட்டு நாலாவது மாடிதான். சாயங்காலம் டிப்போ வாசல்ல நம்ம டிரைவருங்களோட வம்பளக்கிறது அத்தோட போச்சு. நீ எதையும் பாக்கலை, என்ன?" சொல்வது நல்லதா, சொல்லாதது நல்லதா என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை.

நேற்று மகள் மறுபடி வந்தாள். "தனியா இருக்கணும்னா நடந்து காட்டுப்பா, பார்க்கிறேன்" என்று கூடத்தின் நடுவில் போய் நின்றுகொண்டாள்.

"லைசென்ஸ் குடுக்கப் போறியாக்கும்?" என்றபடி காலை அகட்டிவைத்துக் கிளம்பினார். பாதி தூரம் நன்றாகத்தான் வந்தார். அவளருகே வந்ததும் உடம்பு ஒரு பக்கம் லேசாகச் சாய்ந்தது.

"தோள்ல நூல் ஒட்டியிருக்கு பாரு."

இல்லாத நூலை எடுத்துக் கீழே போட்டார். இன்னொரு கையை அவள் தோளிலிருந்து எடுக்கவே இல்லை.