கல் கட்டிய பாத்தி

தேயிலை விலை விழுந்துவிட்டது என்று சொன்னார்கள். அது எந்த ஊரில் விழுந்தது, ஏன் விழுந்தது என்று எங்களில் ஒருவருக்கும் தெரியாது. விழுந்தது எங்கள் லயத்தின் மேல்தான் என்பது மட்டும் நன்றாகத் தெரிந்தது. காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் வரிசையாக நின்றால் பாதிப் பேரை வேலையில்லை என்று திருப்பி அனுப்பினார்கள். முதலில் திருப்பப்பட்டவர்கள் கான் வெட்டுகிற ஆண்கள். மழை மண்ணை அரித்துக்கொண்டு போகாமல் இருக்கத் தேயிலைக்கு நடுவே வெட்டும் வாய்க்காலைத்தான் கான் என்போம். என் அப்பா கான் வெட்டுகிறவர். அம்மா கொழுந்து பறிக்கிறவள். இலங்கையில் நோர்வூட்டுக்கு மேலே ஒரு தோட்டத்தில், லயம் என்கிற வரிசை வீட்டின் கடைசி அறையில், அவர்களோடு நானும் என் தங்கச்சியும் இருந்தோம்.

ஒரு தம்பியும் இருந்தான். முந்தின வருஷத்து மழையில் காய்ச்சல் கண்டு போய்விட்டான். இன்னும் நடக்கக்கூட ஆரம்பிக்கவில்லை. ஓடைக்கு அந்தப் பக்கம் சவுக்கு மரங்களுக்குக் கீழே அவனைப் புதைத்தார்கள். அம்மா வேலை முடிந்து வரும்போது ஓடைமேல் போட்ட பலகையைக் கடந்து போய் அவனைப் பார்த்துவிட்டு வருவாள். அப்பா அந்தப் பக்கமே போவதில்லை.

ஒருநாள் கங்காணி லயம் லயமாக வந்து, ஊருக்குப் போக விரும்புகிறவர்கள் பெயர் கொடுக்கலாம், ரயிலுக்கும் கப்பலுக்கும் நாங்கள் ஒன்றும் தரவேண்டியதில்லை என்று சொல்லிவிட்டுப் போனார். ஊர் என்றால் திருச்சிப் பக்கம். நானும் தங்கச்சியும் அதைக் கண்ணால் கண்டதில்லை. அப்பாவுக்குப் போக வேண்டும் என்றிருந்தது. அவரை நான் குறை சொல்ல மாட்டேன். உழைத்துப் பழகிய மனிதர் பகலெல்லாம் வாசலில் உட்கார்ந்து தன் உள்ளங்கையையே பார்த்துக்கொண்டிருப்பதைப் பார்க்க எனக்கே பொறுக்கவில்லை.

"புள்ளய இங்க போட்டுட்டு நான் எங்கயும் வரமாட்டேன்" என்றாள் அம்மா.

"இருந்து என்னாத்தத் திங்கிறது? அதச் சொல்லு புள்ள."

அம்மா லயத்துப் பின்புறத்தைக் காட்டினாள். "அந்த எடத்துல காய் போடுவோம். தை வரைக்கும் பாருங்க. வெளஞ்சா இருப்போம். வெளயலேன்னா நீங்க பேரு குடுங்க, நான் வாயத் தொறக்க மாட்டேன்."

அப்பா சிரித்துவிட்டார். சிரிக்க வேண்டிய இடம்தான் அது. மேல் மலையின் தண்ணீரும் கூரைத் தண்ணீரும் வந்து தேங்குகிற இடம். எதை ஊன்றினாலும் அழுகிப்போகும். ஆனாலும் மறுநாள் காலை அவர் மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு அங்கே போய் நின்றார். தண்ணீரை எப்படித் திருப்புவது என்பது அவருக்குத் தெரியாததல்ல. மேல்புறம் ஒரு சின்னக் கானை வெட்டித் தண்ணீரை ஓரமாகத் தள்ளினார். பிறகு, "தரையில நட்டா ஆகாது. மேடு கட்டணும்" என்றார்.

மேடு கட்ட நாங்கள் காசு கொடுத்து ஒன்றையும் வாங்கவில்லை. வாங்க முடியாது. ஓடையிலிருந்து கல்லைத் தூக்கி வந்தோம். தேயிலை மலை மண்ணைத் தொட்டால் கங்காணி கேட்பார் என்பதால் ஓடைக்கரையில் சரிந்து கிடந்த மண்ணை ஓட்டைக் கூடையில் அள்ளினோம். அடியில் தேயிலையைக் கவ்வாத்து வெட்டிப் போட்ட மிலாறுக் குச்சிகளைப் பரப்பி, மேலே மாட்டுப்பட்டிச் சாணி, அடுப்புச் சாம்பல், பிறகு மண் என்று அடுக்கடுக்காகப் போட்டோம். தங்கச்சி தன் சிரட்டையில் மண் கொண்டுவந்து கொட்டிவிட்டு, தான்தான் எல்லாவற்றையும் செய்ததுபோல இடுப்பில் கை வைத்து நின்றாள்.

சுற்றிலும் கல்லை நட்டு இடுக்கில் களிமண் வைத்து அடைக்கும் வேலையை அப்பா அதற்கு முன் ஒரே ஒரு தடவைதான் செய்திருந்தார். தம்பியைப் புதைத்த மேடு மழையில் கரைய ஆரம்பித்தபோது இப்படித்தான் சுற்றிலும் கல் வைத்து மண்ணை நிறுத்தினார். அதற்குப் பிறகுதான் அந்தப் பக்கம் போகாமல் விட்டார். பாத்தி கட்டும்போது அவர் அதை நினைத்தாரா என்று நான் கேட்டதில்லை. அம்மா நினைத்தாள். ஒவ்வொரு கல்லையும் முந்தானையால் துடைத்துத்தான் எடுத்துக் கொடுத்தாள்.

பக்கத்து அறைக்காரி எட்டிப் பார்த்துவிட்டு, "என்னா இது, குழிமேடாட்டம்!" என்றாள்.

"சோறு போடுற மேடு. கண்ணு வைக்காமப் போ" என்றாள் அம்மா.

பாத்தியின் ஓரத்தில் பூசணி விதை ஊன்றினோம். ஒரு பக்கம் கீரை தூவினோம். நடுவிடம் முழுக்கக் கோவா என்கிற முட்டைக்கோசுக்கு. துரை பங்களாவில் காய்கறி பார்த்துக்கொண்டிருந்த சிங்களவர் மிஞ்சிய நாற்றுகளை எறியப் போனபோது அப்பா கேட்டு வாங்கி வந்தார். நோர்வூட் கடைத்தெருவில் மளிகைக் கடை வைத்திருந்தவரும், கோவா நல்ல உருண்டையாகக் கொண்டுவந்தால் அரிசிக்கு மாற்றிக்கொள்கிறேன் என்று வாக்குக் கொடுத்திருந்தார். கீரையைத் தின்று ஒரு குடும்பம் எத்தனை நாள் இருக்கும்? எங்கள் அரிசி கோவாவில்தான் இருந்தது. எல்லா நாற்றையும் நட்ட பிறகு நோஞ்சானாக ஒன்று மிஞ்சியது. அம்மா அதைக் கொழுந்து பறிக்கும்போது இடுப்பில் கட்டும் படங்குச் சாக்கில் முடிந்துகொண்டு எங்கேயோ போனாள். எறியத்தான் போகிறாள் என்று நினைத்தேன்.

செடிகள் பிடித்துக்கொண்டன. அவ்வளவு பச்சை. அப்பா வாசலில் உட்காருவதை விட்டுவிட்டுப் பின்புறத்திலேயே கிடந்தார்.

அம்மாவின் கை தோட்டத்தில் பேர் பெற்ற கை. மலையில் வேலையை மேற்பார்க்கிற, எல்லோர் மேலும் எரிந்து விழும் கண்டாக்கையாகூட அவள் கூடையைப் பார்த்தால் பேசாமல் நகர்ந்துவிடுவார். தேயிலை இளஞ்செடியாக இருக்கும்போதே நடுக்குருத்தை எடுத்துவிட வேண்டும். அப்போதுதான் அது உயர்ந்து போகாமல் பக்கத்தில் படர்ந்து கிளைத்து நிறையக் கொழுந்து கொடுக்கும். இது எங்களுக்குப் பாடம் அல்ல, விரலில் ஊறிப்போன வழக்கம். பூசணிக் கொடியின் நுனியை அம்மா கிள்ளிவிட்டாள், அது பக்கக்கொடி விட்டுப் படர்ந்தது. கீரையைக் கிள்ளினாள், அது தளிர்த்தது. தீபாவளிக்கு முன்னால் ஒரு காலையில் கோவாப் பக்கம் போனாள்.

ஒவ்வொரு செடியாகக் குனிந்து நடுக்குருத்தைக் கிள்ளிக்கொண்டே போனாள். அப்பா பார்த்துக்கொண்டு நின்றார். நானும் நின்றேன். யாருக்கும் ஒரு சந்தேகமும் வரவில்லை. கோவாவைக் கடையில் உருண்டையாகப் பார்த்திருக்கிறோம், பங்களாவில் நாற்றாகப் பார்த்திருக்கிறோம். நாற்று எப்படி உருண்டையாகிறது என்பதை மட்டும் யாரும் பார்த்ததில்லை. கிள்ளிய குருத்தை அன்றைக்கே கருவாட்டோடு போட்டு ஆக்கினாள். ரொம்ப ருசியாக இருந்தது. தைக்கு வரவேண்டிய அரிசியைத்தான் அன்றைக்குத் தின்றுவிட்டோம்.

அதற்குப் பிறகு பெருமழை. ஓடைப் பலகையை வெள்ளம் அடித்துக்கொண்டு போய்விட்டது. தம்பியிடம் போக வழியில்லாமல் அம்மா இந்தக் கரையிலேயே நின்று பார்த்துவிட்டு வருவாள்.

மார்கழியில் பங்களாவைச் சுற்றிக் கான் துப்புரவு செய்ய அப்பாவைக் கூப்பிட்டார்கள். திரும்பி வந்தவர் உள்ளே வராமல் நேரே பாத்திக்குப் போய் மண்டியிட்டு இலைகளை விலக்கினார். நாங்களும் ஓடினோம். ஒவ்வொரு செடியின் நடுவிலும் காய்ந்த ஒரு வடு. அதைச் சுற்றி விரல் நுனியளவில் சின்னச் சின்னத் துளிர்கள்.

"பங்களாவுல நடுக்குருத்துதான் மூடி மூடி உருண்டையாவுது" என்றார் அப்பா.

அம்மா தன் பெருவிரலைப் பார்த்தாள். "நான்தானேங்க கிள்ளுனேன்."

"நானுந்தான் பாத்துக்கிட்டு நின்னேன். ஆனைக்கும் அடி சறுக்கும் புள்ள."

அவர் திட்டியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். அந்தச் செடிகளையெல்லாம் பிடுங்கி ஓடையில் எறிய வேண்டும்போல ஆத்திரம் வந்தது. அம்மா மேல் இல்லை. கிள்ளக் கிள்ளக் கூடுதலாகக் கொடுத்து அவள் கையை இப்படிப் பழக்கிவிட்ட தேயிலை மேல்தான் என் ஆத்திரமெல்லாம்.

அம்மா சொன்ன சொல் மாறவில்லை. பொங்கல் முடிந்த காலையில் அவளே சொன்னாள். "பேசுனபடி போயி பேரு குடுத்துட்டு வாங்க." பிறகு துணிகளை எடுத்து மூட்டை கட்டத் தொடங்கினாள். தம்பியின் சட்டை ஒன்று இருந்தது. அதை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள். நான் தங்கச்சியைத் தூக்கிக்கொண்டு வெளியே போய்விட்டேன்.

அப்பா வர வெகுநேரமாயிற்று. வந்தபோது இடுப்புவரை நனைந்திருந்தார். முழங்காலில் மண். அம்மா நிமிர்ந்து பார்க்காமலே கேட்டாள்.

"குடுத்தாச்சா?"

"இல்ல."

"ஏன், கங்காணி இல்லியா?"

"அங்க போகல. பெத்தவன் சொல்லாமக் கொள்ளாமப் போறதான்னு இருந்துச்சு. ஓடயில எறங்கி அவன்கிட்டப் போனேன்." ஈர வேட்டியைப் பிழிந்தார். "அங்க ஒரு கோவா இருக்கு. கல்லாட்டம் உருண்டிருக்கு. நீ வச்சதா?"

அம்மாவின் கை நின்றது. "உருண்டிருக்கா?" என்றாள். "மிஞ்சுன நாத்துங்க. சவலப் புள்ள மாதிரி இருந்துச்சு. தூக்கிப்போட மனசு வரல."

"அத மட்டும் ஏன் கிள்ளல?"

அவள் தம்பியின் சட்டையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். "பலக போறதுக்கு முன்னாடி கிள்ளத்தான் போனேன். அவன் தலமாட்டுல நிக்கிறத எப்பிடிங்க கிள்ளுவேன்?"

அப்பா முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். பிறகு, "மூட்டயப் பிரி" என்றார். "நம்ம போயிட்டா அத யாரு பாத்துக்கிறது?"

தம்பியைப் புதைத்த நாளில்கூட அழாத அம்மா அன்றைக்கு அந்த மூட்டையின் மேல் விழுந்து அழுதாள். நானும் அழுதேன். தங்கச்சி ஏன் என்று தெரியாமல் எங்களைப் பார்த்து அழுதாள்.

அந்தத் தையும் மாசியும் பட்டினிதான். அதை அழகாகச் சொல்ல எனக்கு வராது. கிள்ளிய செடிகள் விட்ட துளிரைத்தான் அவித்து உப்புப் போட்டுத் தின்றோம். ஓடைக்கு அந்தப் பக்கத்துக் கோவாவை ஒருவரும் அறுக்கவில்லை. அறுத்தால் ஒரு வேளைக் கறியாகும் என்று நான் நினைத்ததுண்டு, வாயால் சொன்னதில்லை. அது அடுத்த மழையில் வெடித்து, அழுகி, கல்லுக்குள்ளேயே மண்ணாகிவிட்டது.

அப்பா பங்களாவிலிருந்து மறுபடி நாற்று வாங்கி வந்தார். அவை வளர்ந்து இலை விரித்து, நடுக்குருத்து நிமிர்கிற பருவம் வந்ததும், அம்மா தன் இரண்டு கைகளையும் படங்குக்குள் இறுகச் செருகிக்கொண்டுதான் பாத்திக்கு வருவாள். அப்படியே நின்று பார்த்துவிட்டு, ஒன்றையும் தொடாமல் திரும்பிப் போவாள்.