நாலு மீனிலும் ஒரே கீறல்

போன மாசி மாதம், உறையூரில் என் மாமியார் வீட்டில் நடந்தது இது. எங்களுக்குத் தலைப்பிரசவம். மனைவி அவள் அம்மா வீட்டில் இருந்தாள். நான் கைலாசபுரம் கம்பெனி குவார்ட்டர்ஸில் இருந்துகொண்டு, ஷிஃப்ட் முடிந்ததும் பைக்கை எடுத்துக்கொண்டு பிள்ளையைப் பார்க்க ஓடி வருவேன்.

பிள்ளைக்குப் பால் போதவில்லை. ஆஸ்பத்திரியில் நிறுத்துப் பார்த்துவிட்டு எடை ஏறவே இல்லை என்றார்கள். அடுத்த வாரமும் இப்படியே இருந்தால் பவுடர் பால் கொடுக்கத்தான் வேண்டும் என்றும் சொல்லி அனுப்பினார்கள். வீட்டுக்கு வந்ததும் மனைவி சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டு அழுதாள். மாமியார் மட்டும் அசரவில்லை. பால் சுறா புட்டு செய்து கொடுத்தால் பால் தானாகச் சுரக்கும், எங்கள் பக்கத்தில் பிள்ளை பெற்றவர்களுக்கு எல்லாம் அதுதான் மருந்து என்று சொல்லி என்னை மீன் மார்க்கெட்டுக்கு விரட்டினார்.

"சின்னதா பாத்து வாங்குங்க மாப்பிள்ளை, குட்டியா இருந்தாத்தான் சத்து."

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் முண்டியடித்து, ஒரு முழம்கூட இல்லாத நாலு சுறாக்குட்டிகளை வாங்கி வந்தேன். மாமியார் பிள்ளையைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்ததால் கழுவுகிற வேலையும் என் தலையில் விழுந்தது. குழாயடியில் உட்கார்ந்து ஒன்றைத் திருப்பிப் போட்டேன். அடிப்பக்கத்தில், இரண்டு துடுப்புகளுக்கும் நடுவில், சின்னதாக ஒரு கீறல்.

தொழிற்சாலையில் எனக்கு வேலையே அதுதான். வெல்டிங் வைத்த இடத்தில் கீறல் இருக்கிறதா என்று நாள் பூராவும் பார்ப்பேன். ஒன்றில் மட்டும் இருந்தால் கைத்தவறு. எல்லாவற்றிலும் ஒரே இடத்தில் இருந்தால் அது செய்முறையிலேயே இருக்கிறது என்று அர்த்தம். மற்ற மூன்றையும் திருப்பினேன். அதே இடம், அதே நீளம்.

மாமியாரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். தூண்டில் கிழித்திருக்கும் என்றார். நாலு மீனையும் தூண்டில் அளவெடுத்தா கிழிக்கும்? எனக்கு மண்டை குடைய ஆரம்பித்துவிட்டது. போட்டோ எடுத்து, என்னோடு வேலை பார்க்கும் நண்பனுக்கு அனுப்பினேன். அவன் அதிராம்பட்டினத்துக்காரன். அவன் அண்ணன்கள் இன்னும் கடலுக்குப் போகிறார்கள். உடனே போன் வந்தது.

"கீறல் இல்லடா, தொப்புள். பொறந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருக்கும். அதான் இன்னும் மூடல."

மீனுக்குத் தொப்புளா என்று சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை. மீன் என்றால் முட்டை என்றுதான் நான் அதுவரை நினைத்திருந்தேன். இந்த ஜாதிச் சுறா வயிற்றுக்குள்ளேயே கொடி வைத்து வளர்த்துக் குட்டியாகத்தான் போடுமாம். அதுவும் மற்ற மீன் மாதிரி ஆயிரக்கணக்கில் இல்லை, விரல்விட்டு எண்ணிவிடலாமாம். தாய் கரையோரமாக, அலையாத்திக் காட்டுப் பக்கம் ஆழமில்லாத தண்ணீருக்கு வந்து ஈன்றுவிட்டுப் போய்விடும். பெரிய மீன்கள் அங்கே அவ்வளவாக வராது. கடல் புல்லுக்குள் பொடிமீனும் இறாலும் தின்று குட்டிகள் தேறி, அப்புறம்தான் ஆழத்துக்குப் போகும். பால் சுறா என்கிறோமே, அது பால் கொடுக்குமா என்றுகூடக் கேட்டேன். அதெல்லாம் இல்லை என்றான். அப்படிப்பட்ட இடத்தில் ஏன் வலை போடுகிறீர்கள் என்று நான் கேட்டதுதான் தாமதம், அவனுக்குக் கோபம் வந்துவிட்டது.

"நீங்கதானடா குட்டியாத்தான் வேணும்னு கேக்குறீங்க. பெருசா கொண்டாந்தா உங்க ஊர்ல பிரசவ வீட்டுக்காரங்க திரும்பிக்கூடப் பாக்கறதில்ல."

எங்கள் பிள்ளைக்கு முந்தின நாள்தான் தொப்புள்கொடி விழுந்திருந்தது. தாயத்தில் அடைக்க வேண்டும் என்று மாமியார் அதைப் பத்திரமாகத் துணியில் முடிந்து வைத்திருந்தார். போனை வைத்துவிட்டு உள்ளே போய் மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். மீன் ஒன்றைக் கொண்டுவரச் சொன்னாள். தட்டில் வைத்துக் காட்டினேன். மடியில் பிள்ளையை வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் அதையே பார்த்தாள். தூக்கி எறியச் சொல்வாள், அம்மாவுக்கும் மகளுக்கும் சண்டை வரப்போகிறது என்று நான் பயந்துகொண்டு நின்றேன்.

"செத்ததை வீசினா மட்டும் பொழைச்சுக்கவா போகுது? செஞ்சு குடுங்கம்மா, சாப்பிடுறேன். ஆனா இதோட சரி" என்று அவள் அம்மாவைப் பார்த்துச் சொன்னாள்.

சொன்னபடியே சாப்பிட்டாள். கண்ணில் தண்ணீர் வழிய வழியச் சாப்பிட்டாள். அதைப் பார்க்க என்னால் முடியவில்லை. மாமியார் அன்று முழுக்க என்னோடு பேசவில்லை. கம்பெனியில் கீறல் பார்ப்பது பத்தாதா இந்த மனுஷனுக்கு என்று என் காதில் விழும்படி மட்டும் முணுமுணுத்தார்.

அடுத்த வாரம் ஆஸ்பத்திரியில் ஒரு நர்ஸ், என் மனைவி பிள்ளையைப் பிடித்திருந்த விதத்தைப் பார்த்துவிட்டு, இப்படி இல்லை என்று மாற்றிப் பிடிக்கச் சொல்லிக்கொடுத்தார். அடிக்கடி பால் கொடுக்கவும் சொன்னார். அதிலிருந்து எடை ஏற ஆரம்பித்தது. நாங்கள் பட்ட நிம்மதியைச் சொல்லி முடியாது. புட்டுதான் காரணம் என்று மாமியாரும், நர்ஸ்தான் காரணம் என்று நானும் இன்னும் விட்டுக்கொடுக்கவில்லை.

சமீபத்தில் பக்கத்து வீட்டுப் பெண்ணுக்குப் பிரசவம் ஆனது. அவளுடைய அம்மா, புட்டுக்கு எந்தச் சுறா நல்லது என்று என் மாமியாரிடம் கேட்க வந்தார். நான் கூடத்தில் மகளைத் தூங்க வைத்துக்கொண்டிருந்தேன். மாமியார் வாயைத் திறந்ததும் குறுக்கே புகுந்துவிடலாம் என்று தயாராக இருந்தேன்.

"பூண்டு நிறையப் போட்டு வேற மீன்ல குழம்பு வைங்க. பிள்ளையை எப்படிப் பிடிக்கிறதுன்னு நர்ஸைக் கேளுங்க. சுறாக்குட்டி மட்டும் வேணாங்க, அதுக்கே இன்னும் தொப்புள் ஆறியிருக்காது" என்றார் மாமியார். என் பக்கம் திரும்பவே இல்லை.

திருச்சியில் கடல் இல்லை, அதனால் கடலோடு நமக்கு ஒட்டும் இல்லை உறவும் இல்லை என்று நினைத்திருந்தவன் நான். இப்போது என் மகள் வயிறு நிறையப் பால் குடித்துத் தூங்கும்போதெல்லாம், அவள் பிறந்த சமயத்திலேயே பிறந்து அவளுக்காகவே வலையில் வந்த அந்த நாலு பிள்ளைகளின் நினைப்பு வராமல் இருப்பதில்லை.